வீம்புக்கு எடுத்த சிவப்பு

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் என்று என்னைத் தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். பொய்யில்லை. அந்தக் கோபம் எத்தனையோ பேரைச் சுட்டிருக்கிறது, ஆனால் என்னைச் சுட்ட அளவுக்கு வேறு யாரையும் சுட்டதில்லை. அதுவும் இரண்டே இரண்டு சிட்டம் சிவப்பு நூலை வைத்து. சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே, பதின்மூன்று வருஷம் போனது எனக்குத்தானே.

நான் பிறந்தது சேலத்தில். வாழ்க்கைப்பட்டது ஜலகண்டாபுரத்தில், இரண்டு குழித்தறி ஓடுகிற நெசவு வீட்டில். ஒரு தறியில் என் கணவர், இன்னொன்றில் அவருடைய அண்ணன், என் மூத்தார். கல்யாணமாகி ஆறாம் வருஷம் என் கணவர் காய்ச்சலில் போய்விட்டார். எனக்கு இருபத்திரண்டு வயது, மகளுக்கு நான்கு. அவருடைய தறியில் கூலிக்கு ஆள் உட்கார்ந்தான். நானும் மகளும் வீட்டின் பின்னறையில் ஒதுங்கினோம்.

அந்த வீட்டில் ஆட்சி செய்தவள் என் ஓரகத்தி, கணவருடைய அண்ணன் மனைவி. என்னைவிடப் பத்து வயது மூத்தவள், சாயக்காரர் வீட்டுப் பெண், விடிந்ததிலிருந்து வாயில் வெற்றிலை. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு நாள்கூட ஒத்துப்போனதில்லை. அவள் தப்பு பாதி, என் தப்பு பாதி என்றெல்லாம் நியாயம் பேச எனக்கு இஷ்டமில்லை. நான் வந்த முதல் வாரமே, குழம்பில் உப்பில்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். உப்பில்லைதான். மறுநாள் என் இலையில் ஒரு கைப்பிடி உப்பைக் கொட்டிவிட்டு, "போதுமா, இன்னும் வேணுமா?" என்று கேட்டாள். அன்றைக்கு ஆரம்பித்தது.

அவளை நான் "ஏனுங்கக்கா" என்றுதான் கூப்பிடுவேன். மரியாதைக்கு ஒன்றும் குறைவில்லை. ஒவ்வொரு 'ங்க'வையும் பல்லால் நறுக்கிப் போடுவேன், அவ்வளவுதான். அவள் என்னை "இந்தா" என்பாள். பெயரைச் சொன்னால் வாய் வெந்துவிடும் போல. கணவர் போன பிறகு காலையிலிருந்து பொழுது சாயும்வரை ராட்டையில் உட்கார்ந்து இரண்டு தறிக்கும் தார் சுற்றினேன். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற நூலைச் சின்னக் குழலில் சுற்றிக் கொடுப்பதற்குத் தார் சுற்றுவது என்று பெயர். கூலி கிடையாது, சோறு உண்டு. அந்தச் சோற்றையும் அவள் கையால் போடுவாள்.

அப்போதுதான் சேலத்திலிருந்து சேதி வந்தது. சின்ன வயதில் நான் படித்த மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் வேலை காலியாக இருக்கிறது, வந்து பார் என்று என்னோடு படித்தவள் சொல்லியனுப்பியிருந்தாள். போனேன். தலைமை டீச்சரம்மா தெற்கத்திச் சீமைக்காரர், பேச்சில் கறார். என் கையில் ஊசியைக் கொடுத்து நான்கு தையல் போடச் சொல்லிப் பார்த்தார்.

"கை நன்றாக இருக்கிறது. ஒரு மேசை விரிப்பு தைத்துக்கொண்டு வா. நான்கு நிறத்தில் பூவேலை இருக்க வேண்டும். துணி தருகிறேன், நூல் நீயே பார்த்து எடு. இரண்டு மாதம் கழித்து என் முன்னால் கொதிநீரில் சவுக்காரம் போட்டுத் துவைப்பாய். துவைத்த பிறகும் நன்றாக இருந்தால் வேலை உனக்கு."

பள்ளிக்கூட வளாகத்திலேயே தங்க ஒரு அறை. மகளுக்கு அங்கேயே படிப்பு. எனக்கு வேறொன்றும் காதில் விழவில்லை. அந்த வீட்டை விட்டுப் போகலாம், அவள் கையால் சோறு வாங்கித் தின்ன வேண்டாம், அது ஒன்றுதான் கேட்டது. பஸ்ஸில் திரும்பி வரும்போது மடியில் அந்த வெள்ளைத் துணியை வைத்துத் தடவிக்கொண்டே வந்தேன்.

நூல் வாங்க மறுபடி சேலம் போகவேண்டியிருந்தது. மூத்தார் என்னைத் தனியாக அனுப்ப மாட்டேன் என்றார். துணைக்கு யார்? வேறு யார்! வழி முழுக்க இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போனோம்.

கடைவீதியில் ஒரு முஸ்லிம் பாயுடைய நூல் கடை. பூவேலைக்கான சீமை நூலைச் சின்னச் சின்னச் சிட்டமாகக் கட்டிப் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தார். பெட்டியைத் திறந்தார். பச்சையிலேயே பத்துப் பச்சை. பாவு நூலும் சேலைச் சாயமும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது வேறு உலகம். பச்சை, மஞ்சள், நீலம் மூன்றையும் எடுக்க நேரமாகவில்லை. என் ஓரகத்தியும் வாயைத் திறக்கவில்லை. சிவப்புக்கு வந்தபோதுதான் வினை.

இரண்டு சிவப்பு இருந்தது. ஒன்று செங்கல் பொடியைப் போல மங்கல். இன்னொன்று, என்ன சொல்ல, கோவைப்பழம் பழுத்த சிவப்பு. கையில் எடுத்ததும் விரலெல்லாம் வெளிச்சமாயிற்று. அதைத்தான் எடுத்தேன்.

"அது வேண்டாம். துவைச்சா சாயம் ஓடீரும்," என்றாள் ஓரகத்தி. "அந்த மங்கலை எடு. அது கெட்டிச் சாயம்."

என் விரிப்பு மங்கலாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறாள். எனக்கு அப்படித்தான் பட்டது. நான் கோவைப்பழச் சிவப்பை விடாமல் பிடித்திருக்கவே, அவள் அந்தச் சிட்டத்தை என் கையிலிருந்து வாங்கி, நூல் நுனியை வாயில் வைத்து நனைத்து, உள்ளங்கையில் அழுத்தி இழுத்தாள். சாயக்கார வீடுகளில் அப்படித்தான் சோதிப்பார்கள். கையை நீட்டினாள். உள்ளங்கையில் ஒரு சிவப்புக் கோடு.

"இந்தா, பாத்துக்க."

"அது நூல் சாயமில்லீங்கக்கா," என்றேன் நான். "உங்க வெத்தலைச் சாறுங்க."

பாய் சிரித்துவிட்டார். கடையில் நின்ற இன்னும் இரண்டு பெண்களும் சிரித்தார்கள். அவளுக்கு முகம் செத்துப்போயிற்று. எனக்கு இனித்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சாயத்துக்கு நான் ஜவாப் சொல்ல முடியாதுங்கம்மா. இந்தாங்க தண்ணி, இந்தாங்க வெள்ளைத் துணி. நனைச்சுப் பாத்து எடுத்துக்குங்க," என்று ஒரு டம்ளரை நகர்த்தினார்.

நான் டம்ளர் பக்கம் கையை நீட்டக்கூடச் செய்தேன். அதற்குள் அவள் பேசினாள்.

"ஆமா, நா வெத்தலை போட்ட வாயி. உன் வாய் வெறும் வாய்தானே? இனிமே வெத்தலைக்கு வேலையே இல்லையே. நீயே கடிச்சுப் பாரு."

கணவனை இழந்தவள் வெற்றிலை போடக்கூடாது. கணவர் போய் எட்டு மாதம்கூட ஆகவில்லை. கடையில் நாலு பேர் பார்க்க அவள் அதைச் சொன்னாள். எனக்கு உச்சந்தலை பற்றி எரிந்தது. கடிப்பேனா? நனைப்பேனா? நான் நனைத்துப் பார்த்தால் அவள் சொன்னதைச் செய்த மாதிரி ஆகாதா? "சிவப்பைக் கட்டுங்க பாய். இதுதான் வேணும். ரெண்டு சிட்டமாப் போடுங்க," என்றேன். என் குரல் தெருவுக்குக் கேட்டிருக்கும்.

டம்ளர் தண்ணீர் அப்படியே இருந்தது.

அடுத்த இரண்டு மாதமும் மத்தியானத்தில் தைத்தேன். இதில் ஒரு விசேஷம். மத்தியானத்துக்கு மேல் தார் சுற்றும் வேலையை ஓரகத்தி தானே எடுத்துக்கொண்டாள். நான் கேட்கவில்லை. "நீ போயி உன் வேலையைப் பாரு," என்று ராட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். என்னை விடுவித்து எதில் மாட்டப்போகிறாளோ என்று யோசித்தேன். நன்றி என்ற எண்ணம் மருந்துக்குக்கூட வரவில்லை. இன்னொரு நாள் என் அறைக்குள் நுழைந்து, நான் அங்கே இல்லாத மாதிரி, சுவரிலிருந்து சுவருக்கு முழம் போட்டு அளந்தாள். தரையில் உட்கார்ந்திருந்த என் மகளை நகரச் சொல்லி அந்த இடத்தையும் அளந்தாள். நான் இருக்கும்போதே என் இடத்துக்கு விலை பேசுகிறாள் என்று என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

விரிப்பு நன்றாக வந்தது. நானே சொல்லக்கூடாது, ஆனால் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்? கொடிக்குக் காம்புத் தையல், இலைக்கு நிரப்புத் தையல், நான்கு மூலையிலும் சிவப்புச் செம்பருத்தி. நடுவில் வட்டமாகப் பன்னிரண்டு பூ. அந்தச் சிவப்பு இல்லாவிட்டால் அது வெறும் துணி.

"ஓடப்போகுது," என்பாள் அவள், அறை வாசலில் நின்று. "ஒரே ஒரு இதழை மட்டும் நனைச்சுப் பாரு. உசுரா போயிரும்?"

"உங்க வேலையைப் பாருங்க."

தேர்வுக்கு ஒரு வாரம் முன்னால், நான் கொல்லைப்புறம் போய்விட்டு வருகிறேன். அவள் என் விரிப்பின் ஒரு மூலையைக் கையில் பிடித்துக்கொண்டு செம்புத் தண்ணீருக்கு மேல் குனிந்திருக்கிறாள். இன்னும் ஒரு விரற்கடை இருந்தால் நனைந்திருக்கும். ஓடிப்போய்ப் பிடுங்கினேன். செம்பு உருண்டு தண்ணீர் தரையெல்லாம் போயிற்று.

"எந்துணியைத் தொட்டீங்கன்னா கையை ஒடிச்சுப்புடுவேனுங்க!" என்று கத்தினேன். அந்த 'ங்க' அப்போதும் விடவில்லை, பாருங்கள். "கெடுக்கப் பாக்கறீங்களா? எம்பொழப்பைக் கெடுக்கப் பாக்கறீங்களா?"

"அடக் கிறுக்கே," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். தறியிலிருந்து மூத்தார் எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். அன்றிலிருந்து விரிப்பை மடித்து டிரங்குப் பெட்டியில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

தேர்வு நாள். பள்ளிக்கூடக் கிணற்றடியில் பெரிய பேசின், கொதிநீர், ஒரு கட்டி சவுக்காரம். தலைமை டீச்சரம்மா முதலில் விரிப்பைப் பிரித்து இரண்டு பக்கமும் பார்த்தார். பின்பக்க முடிச்சுகளை விரலால் தடவினார். "அழகு," என்றார். கறார்க்காரர் வாயிலிருந்து அந்த வார்த்தை. எனக்கு அந்த நிமிஷமே வேலை கிடைத்துவிட்டது போலிருந்தது.

தண்ணீரில் முக்கினேன். முதல் முக்கில் ஒன்றும் இல்லை. சவுக்காரம் போட்டு இரண்டு கசக்குக் கசக்கினேன். விரலிடுக்கில் நுரை வந்தது. நுரை சிவப்பாக இருந்தது. அப்புறம் தண்ணீர். நான் துணியை வெளியே எடுத்தபோது பச்சை நின்றது, மஞ்சள் நின்றது, நீலம் நின்றது. செம்பருத்திகள் மட்டும் வெளிறிப்போய், வெள்ளைத் துணி முழுக்க அம்மை போட்டது போலத் திட்டுத் திட்டாகச் சிவந்திருந்தது.

டீச்சரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"இரண்டு மாதம் தைத்திருக்கிறாய். நூலை ஒரு தடவை நனைத்துப் பார்க்கவில்லையா? உங்கள் பக்கம் சாயம் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்களே. யாரும் சொல்லவில்லையா?"

"யாரும் சொல்லலைங்க டீச்சரம்மா," என்றேன்.

என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்களில் அதைப் போல அசிங்கமான பொய் வேறில்லை. சொன்னவளும் காட்டியவளும் கெஞ்சாத குறையாகக் கேட்டவளும் ஒருத்தி இருந்தாள். அவள் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது ஓரகத்தி வாசலிலேயே நின்றிருந்தாள். என் கையில் ஈர மூட்டை. அதிலிருந்து சொட்டிய தண்ணீர் என் வெள்ளைச் சேலையில் பட்டிருந்த இடம் அவள் கண்ணில் பட்டது.

"ஓடிருச்சா?"

நான் அவளைத் தாண்டி உள்ளே போகப் பார்த்தேன்.

"ஓடிருச்சாடி?"

"ஓடிருச்சுங்க. சந்தோசமாங்க இப்ப? நெனச்சது நடந்துருச்சுங்களே. பொங்கல் வெச்சுக் கொண்டாடுங்க."

அவள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். அழுதாள். நான் அவள் அழுது பார்த்தது அதுதான் முதல் தடவை. என் கணவர் செத்தபோதுகூட அவள் அப்படி அழவில்லை.

"சந்தோசமா? எனக்கா? பாவி மவளே! நீ போயிருவே, அந்த ரூமுல மூணாவது தறி போட்டுரலாம்னு நாள் எண்ணிக்கிட்டிருந்தேன்டி நானு! குழிக்கு அளவுகூட எடுத்து வெச்சேன். உன்ற மொகத்துல முழிக்காம ஒருநாளாச்சும் எந்திரிக்கலாம்னு இருந்தேன். நீ செயிச்சாத்தானே போவே? தோத்தா எங்கூட்லதானே கெடப்பே? உங்கிட்டப் பொய் சொல்றதுக்கு எனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்குது?"

நான் அந்த ஈர மூட்டையோடு நின்றேன். அந்த மத்தியானங்கள், அந்த முழம் போட்ட அளவு, அந்தச் செம்புத் தண்ணீர், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் புரிந்தது. என்னை அவ்வளவு வெறுத்த ஒருத்தி இந்த விஷயத்தில் எனக்குக் கெடுதல் செய்ய மாட்டாள் என்பது என் புத்திக்கு எட்டவேயில்லை. என் நல்லதற்காக இல்லாவிட்டாலும், நான் அங்கிருந்து தொலைவது அவளுக்கு வேண்டியிருந்தது. அந்த ஒரு விஷயத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே கட்சி. அது தெரியாமல் நான் அவளைத் தோற்கடித்தேன், கூடவே என்னையும்.

அடுத்த நாள் காலை ராட்டை என் பக்கம் வந்துவிட்டது. மத்தியானத்துக்கும் சேர்த்து.

அதற்குப் பிறகு நாங்கள் சிநேகமாகிவிட்டோம் என்று நினைத்தால் நீங்கள் எங்களைத் தெரியாதவர்கள். அவள் என்னை மன்னிக்கவில்லை, நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. ரசம் ஊற்றும்போது, "இது ஓடுமா, நிக்குமா, பாத்துச் சொல்லு," என்பாள். பண்டிகைக்கு என் மகளுக்குச் சிவப்புப் பாவாடை எடுத்தால், "ஆத்தாகாரி பாத்து எடுத்ததா? அப்ப மழையில போகாதே சாமி," என்பாள். நானும் சும்மா இருக்கவில்லை. அந்த விரிப்பைத் தார்க்கூடைக்கு மூடியாகப் போட்டு, அவள் கண்ணில் தினமும் படுகிற இடத்தில் வைத்தேன். அவளுடைய மூன்றாவது தறி என்னால் நின்றுபோயிற்று என்று அவளுக்கு நினைவிருக்கட்டும் என்றுதான். பதின்மூன்று வருஷம் அந்தத் திட்டுத் துணி அங்கேயே கிடந்தது.

மகள் வளர்ந்தாள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது முடித்தாள். தையல் நான் சொல்லிக்கொடுத்தேன். கை என்னுடைய கை, நல்லவேளையாகக் குணம் என் கணவருடையது. அவளுக்குப் பதினேழு வயதானபோது அதே பள்ளிக்கூடத்தில் அதே வேலை மறுபடி காலியாயிற்று. தலைமை டீச்சரம்மா மாறியிருந்தார், சட்டம் மாறவில்லை. நான்கு நிறம், கொதிநீர், சவுக்காரம்.

அது இரண்டாவது உலகச் சண்டைக் காலம். சீமை நூல் வரத்து நின்றுபோயிருந்தது. கடைக்கு வந்ததெல்லாம் எங்கேயோ எவனோ அவசரத்தில் முக்கியெடுத்த சாயம். எது நிற்கும், எது ஓடும் என்று கடவுளுக்குத் தெரியும். இல்லையென்றால் என் ஓரகத்திக்குத் தெரியும். இரண்டு நாள் சோறு இறங்காமல் யோசித்தேன். மூன்றாம் நாள் காலை அவள் முன்னால் போய் நின்றேன்.

"ஏனுங்கக்கா, புள்ளைக்கு நூல் எடுக்கோணும். வாரீங்களா?"

அவள் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நானா? என் வாயி வெத்தலை வாயாச்சே."

"கொப்புளிச்சுக்குங்க," என்றேன்.

பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ்ஸில் மூன்று பேரும் சேலம் போனோம். அதே கடை, பாய்க்குத் தாடி வெளுத்திருந்தது. என் ஓரகத்தி முதலில் கடை ஓரமாகப் போய் வெற்றிலையைத் துப்பினாள். பாயிடம் தண்ணீர் வாங்கி வாய் கொப்புளித்தாள். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்த்துக்கொண்டே துப்பினாள். அப்புறம் டாக்டரிடம் காட்டுவது போல நாக்கை நீட்டினாள்.

"நல்லாப் பாத்துக்க. அப்பறம் சாறுங்க கீறுங்கன்னு சொல்லப்படாது."

என் மகள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. கன்னம் சுட்டது.

ஒரு மணி நேரம் ஒவ்வொரு சிட்டமாக நுனியைக் கடித்து, நனைத்து, வெள்ளைத் துணியில் வைத்துத் தேய்த்தாள். ஏழு சிவப்பைத் தள்ளினாள். என் மகள் ஆசைப்பட்டு எடுத்த ஒன்றைப் பார்த்து, "இது உங்காத்தா சிவப்பு," என்று தூக்கிப் போட்டாள். எட்டாவதைக் கொடுத்தாள். மங்கல், செங்கல் பொடி நிறம். நான் வாயைத் திறக்கவில்லை. அதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

என் மகள் துவைத்தபோது பேசினில் நுரை வெள்ளையாகவே இருந்தது. தண்ணீர் கிணற்றிலிருந்து இறைத்த மாதிரியே இருந்தது. வேலை கிடைத்தது, அறை கிடைத்தது, தாயும் கூட வந்து இருக்கலாம் என்றார்கள்.

கிளம்புகிற அன்று மாட்டுவண்டியில் டிரங்குப் பெட்டியை ஏற்றினோம். தார்க்கூடை மேலிருந்த விரிப்பை நான் எடுத்து மடித்துக்கொண்டேன். ஓரகத்தி வாசற்படியில் நின்றாள். மகள் அவள் காலில் விழுந்தாள். "நல்லாரு சாமி," என்று தலையைத் தொட்டாள். நான் விழவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

"போயிட்டு வாரேனுங்க," என்றேன்.

"வர வேண்டாம், போ," என்றாள். பிறகு வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "அன்னைக்கு ஒருக்கா அந்த நூலை நனைச்சிருந்தீன்னா, பதிமூணு வருசம் நாம ரெண்டு பேரும் நிம்மதியா இருந்திருப்போம்."

விரிப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.

தெருமுனை திரும்புவதற்குள் பின்னாலிருந்து தொம் தொம் என்று சத்தம் வந்தது. மகள் திரும்பிப் பார்த்து, "என்னம்மா அது?" என்று கேட்டாள்.

"நம்ம ரூமுல கடப்பாரை போடறாங்க," என்றேன். "தறிக்குழி தோண்டறாங்க."